முப்பத்தொரு வீட்டு அரிசி

மொரப்பூரில் ரயில் ஒரு நிமிஷம்தான் நின்றது. நான் இறங்கிவிட்டேன், என் பெட்டி இறங்கவில்லை. நகரத் தொடங்கிய ரயிலின் கதவில் நின்ற ஒருவர் அதைத் தூக்கிப் பிளாட்பாரத்தில் போட்டார். "பாத்து எறங்கறதில்லீங்களா?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது, பதில் சொல்ல ரயில் விடவில்லை. பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று தண்டவாளத்துக்குள் உருண்டுவிட்டது. மிச்சப் பயணம் முழுக்க அந்தப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் சுமந்தேன்.

நான் கண்டியில் பொருளாதாரம் படிப்பிக்கிறவள். ஆசிய நாடுகளின் தேசிய வருமானத்தை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னோக்கிக் கணக்கிட்டு, நாட்டுக்கு நாடு ஒப்பிடும் பெரிய அட்டவணை ஒன்றைப் பல நாடுகளில் இருந்தபடி நாங்கள் சிலர் ஐந்து வருஷமாகத் தயாரித்துக்கொண்டிருந்தோம். யார் எப்போது முந்தினார்கள், யார் எப்போது கவிழ்ந்தார்கள் என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும். அந்த அட்டவணையில் எங்கள் நாட்டுக்கான வரி என் பொறுப்பு. தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதால் தென்னிந்திய மேட்டு நிலங்களும் என் தலையில் விழுந்தன.

எங்கள் நாட்டு வரியைப் பற்றி அதிகம் பேச எனக்கு மனமில்லை. ஒரு காலத்தில் அக்கம்பக்கத்தார் எங்களை அண்ணாந்து பார்த்தார்கள். இப்போது கூட்டங்களில் அந்தக் கோடு திரையில் வந்தால் மற்றவர்கள் மரியாதைக்காகக் கைப்பேசியைப் பார்க்கிறார்கள்.

மேட்டு நிலத்துக்கு எங்களிடம் இருந்த நேரடிச் சான்று ஒரே ஒரு நோட்டு. ஏறக்குறைய அறுபது வருஷத்துக்கு முன், மழை பொய்த்த ஒரு கோடையில், சித்தேரி மலையில் ஒரு சிற்றூருக்குத் தராசோடு ஏறிப்போன கணக்கெடுப்பாளர் ஒருவர், முப்பத்தொரு வீட்டுத் தானியத்தையும் வீடு வீடாக நிறுத்து, குடும்பப் பெயரோடு அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். சாமை, கேழ்வரகுக் கட்டங்களில் பெரும்பாலும் வெறும் கோடு. ஆனால் எல்லா வீட்டிலும் அரிசி இருந்தது. அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு. முதல் வீட்டில் கொஞ்சம் கூட, கடைசி வீட்டில் குறைவு, நடுவில் சிறிது சிறிதாக இறக்கம். ஓரத்தில் ஒரு குறிப்பு: 'இம்மக்கள் உபசாரத்தில் மிகச் சிறந்தவர்கள். ஒவ்வொரு வீட்டிலும் தேன் கலந்த தண்ணீர் கொடுத்து உட்கார வைத்த பிறகே அடுத்த வீட்டுக்குப் போக விடுகிறார்கள்.'

பஞ்சத்திலும் பங்கிட்டு உண்ட ஊர் என்று இதை வைத்து நான் ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல கைதட்டல். என்னை நாலு பேருக்குத் தெரிந்ததே அந்தக் கட்டுரையால்தான். அரிசி படிப்படியாகக் குறைந்ததற்கும் விளக்கம் வைத்திருந்தேன்: பாதையோரத்து வீடுகளுக்குக் கொஞ்சம் வசதி, உள்ளே போகப் போக வறுமை. புத்தகம் அச்சுக்குப் போகும் சமயத்தில் எங்கள் குழுத் தலைவர் மணிலாவிலிருந்து ஒரு கேள்வி கேட்டார். அரிசியைப் பானையோடு நிறுத்தார்களா, பானையைக் கழித்து நிறுத்தார்களா? எனக்குத் தெரியவில்லை. போய்க் கேட்டு வா என்று அனுப்பினார்கள். நான்கு நாள் வேலை.

முதல் நாள் அரூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் கேட்காமலே எனக்கு மொழிபெயர்த்தாள். "அவங்க மருமகன் பெங்களூர்ல செக்யூரிட்டியாம். சம்பளம் வர்ற வரைக்கும் தெனம் போன் பண்ணுவாராம். வந்ததுக்கப்பறம் பத்து நாளு ரிங் போய்ட்டே இருக்குமாம்." என் மாணவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள், அவர்களும் சம்பள நாளுக்குப் பிறகு தாயின் போனை எடுக்காதவர்கள்தான். இதை அவளிடம் சொன்னேன். "சிலோன்லயுமா?" என்றாள், பெரிய நிம்மதியோடு.

அரூரில் ஒரு மெஸ்ஸில் களி இருக்கிறதா என்று கேட்டேன். இலை போட்டவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "களி வூட்டுல திங்கறதுங்க. கடைக்கு வந்து யாராச்சும் திம்பாங்களா? பரோட்டா சொல்லட்டுங்களா?" பரோட்டா மூன்று வந்தது, சால்னாவில் மூழ்கி. எங்கள் ஊர் ரொட்டிக்கடையில் இதையே துண்டு துண்டாகக் கொத்தி, சத்தம் போட்டு, இரண்டு மடங்கு காசு வாங்குவார்கள். தேநீரில் எங்கள் தேயிலை மணக்குமா என்று மோந்து பார்த்தேன். பாலும் சர்க்கரையும் மணத்தன.

இரண்டாம் நாள் சித்தேரி பஸ் பாதி மலையில் புகைவிட்டு நின்றது. ஓட்டுநர் கீழே இறங்கி, பானெட்டைத் திறந்து, யாருக்கோ பிடித்த காய்ச்சலைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தார். பெண்கள் கொண்டுவந்த குடிதண்ணீர் பாட்டில்கள் ஒவ்வொன்றாக என்ஜினுக்குள் போயின. அது போதவில்லை. பின்னால் வந்த சின்ன லாரிக்காரர் ஒருவர் என்னையும் என் பெட்டியையும் முன்னால் ஏற்றிக்கொண்டார். தருமபுரியில் புளி மண்டி வைத்திருப்பவர். மலையில் புளியும் தேனும் வாங்கப் போகிறார். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

என் வேலையைப் பற்றிச் சொன்னேன். பாய் இரண்டு கொண்டை ஊசி வளைவு வரை யோசித்தார். "அப்ப ஏசியா பூராவுக்கும் ரேங்க் போடறீங்க. நாங்க எத்தனாவதுங்க?"

"எந்த வருஷத்தில்?" என்றேன்.

"வருசத்துக்கு வருசம் மாறுதுங்களா? இங்க ஒண்ணும் மாறலீங்களே மேடம். எங்கத்தா காலத்துலயும் இந்த மலையில புளிதான், இப்பவும் புளிதான்." பிறகு மரியாதைக்காகக் கேட்டார்: "உங்க ஊரு இப்ப பரவால்லீங்களா? காஸுக்கெல்லாம் லைன்ல நின்னீங்களாமே, டிவில பாத்தோம்."

நின்றோம். மாடிக்குடியிருப்பின் பால்கனியில் விறகு எரித்துச் சமைத்தேன். கொழும்பிலிருந்து சக ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது, அவருக்குப் பால் தேநீர் கொடுக்கப் பக்கத்து வீட்டில் மூன்று கரண்டி பால்மா கடன் வாங்கினேன். எப்போதும் வீட்டில் இருப்பது போலத்தான் கலக்கிக் கொடுத்தேன். இதைப் பாயிடம் சொல்லவில்லை. "இப்போது பரவாயில்லை" என்றேன்.

ஊர் முகப்பில் இறக்கிவிட்டுப் பாய் போனார். நோட்டில் இருந்த குடும்பப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் கேரளாவில் மிளகுத் தோட்டங்களிலும் திருப்பூரிலும் இருந்தார்கள். வீடுகள் பூட்டிக் கிடந்தன. கடைசிப் பெயர், முப்பத்தோராவது வீடு, காளியம்மா. அந்த வீடு மட்டும் திறந்திருந்தது. காளியம்மா இறந்து வெகுகாலம். அவர் மகன் வெள்ளையனுக்கு எழுபதை நெருங்கும் வயது. மனைவி சின்னபாப்பா மகளிர் குழுவில் இருக்கிறார். எனக்குச் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். அரிசி இல்லாமல் போய்விட்டதே என்று சின்னபாப்பா மூன்று முறை வருத்தப்பட்டார். அந்தச் சோற்றைத் தேடித்தான் கடல் கடந்து வந்தேன் என்றால் அவருக்குப் புரியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் நோட்டின் நகலை விரித்து என் கேள்வியைக் கேட்டேன். அரிசியைப் பானையோடு நிறுத்தார்களா?

வெள்ளையன் நகலையும் என்னையும் பார்த்தார். "அது சாமி அரிசிங்க மேடம்."

"எல்லா வீட்டு அரிசியுமா?"

"எல்லா வூட்டுக்கும் ஒரே அரிசிதாங்க. திருவிழாவுல பொங்க வெக்கறதுக்கு ஊர்க்கவுண்டரு வூட்டுல கட்டி வெச்சிருந்தது. வேற அரிசி ஏதுங்க எங்க ஊருல? வருசத்துக்கு ஒரு நாளு பாத்தா உண்டு. எடை போட ஆள் ஏறி வரான்னு தெரிஞ்சதும் கூடிப் பேசிட்டாங்க. காலிப் பானையக் காட்டுனா கீழ போயி ஊரெல்லாம் சொல்லுவான், அப்பறம் நம்ம பசங்களுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு."

அது அவர்களுக்குப் பழகிய வேலைதான். பெண் வீட்டார் வரும் நாளில் அக்கம்பக்கத்துத் தானியத்தை வாங்கிக் குதிர்களை நிறைத்து வைப்பார்கள், வந்தவர்கள் போனதும் திருப்பி அளந்துவிடுவார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை. கணக்கெடுப்பாளருக்கும் அதையே செய்தார்கள். வாசலில் அவருக்குத் தேன் தண்ணீர் கொடுத்து, பிள்ளைகள் பெயரைச் சொல்லிச் சொல்லி நேரம் கடத்தும்போது, அவர் நிறுத்துவிட்ட அரிசி வீட்டுப் பின்பக்கமாக அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வீட்டிலும் அவர் அதையே நிறுத்தார். முப்பத்தொரு முறை நிறுத்தார்.

நான் சிரித்துவிட்டேன். நெடுநேரம் சிரித்தேன். பிறகு என் கட்டுரை ஞாபகம் வந்தது, அட்டவணையில் அந்த வரி ஞாபகம் வந்தது. ஒரு பானை அரிசியை முப்பத்தொரு பானையாக எண்ணி, அதை மேட்டு நிலம் முழுவதற்கும் பெருக்கி, ஆசியாவின் ஏணியில் ஒரு படி ஏற்றி வைத்தவள் நான்.

வெள்ளையன் சிரிக்கவில்லை. "ஒரு மாசத்துல கஞ்சித் தொட்டி தெறந்தாங்க. எங்க ஊருக்கு இல்லீங்க. எங்களுக்குத்தான் வூட்டுக்கு வூடு அரிசி இருக்குதே. அடுத்த மலைக்கு நடந்து போயி நின்னோம். வயசானவங்க வழியில உக்காந்துட்டாங்க. செல பேரு எந்திரிக்கல."

சின்னபாப்பா தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அத்தையப் பத்தியும் சொல்லிடுங்க."

வெள்ளையன் தரையைப் பார்த்துச் சொன்னார். எடை முடிந்து திருப்பி அளந்தபோது சாமி அரிசி குறைந்திருந்தது. கடைசியாக அரிசி இருந்தது காளியம்மா வீட்டில். அவள்தான் எடுத்தாள் என்று ஊர் முடிவு செய்தது. "அன்னியிலிருந்து எங்க பொங்கப் பானை கோயில் வேலிக்கு வெளியதாங்க. ஊரே உள்ள வெக்கும், நாங்க மட்டும் வெளிய. நான் தொடலடா, தொடலடான்னு சாவற வரைக்கும் சொல்லிச்சு எங்கம்மா." துண்டால் முகத்தைத் துடைத்தார். "நானும் நம்பலீங்க. பசியில எடுத்திருக்கும், எடுத்தா என்ன தப்புன்னுதான் நெனச்சேன். சாவறதுக்குள்ள ஒரு தடவ உள்ள வெச்சிரணும், அவ்வளவுதான் எனக்கு."

நகலை மறுபடி பார்த்தேன். ஐந்து வருஷமாகப் பார்த்த எண்கள்தான். முதல் வீட்டில் ஓர் எடை. இரண்டாம் வீட்டில் அதைவிடச் சற்றுக் குறைவு. மூன்றாம் வீட்டில் இன்னும் சற்று. வீட்டுக்கு வீடு ஏறக்குறைய ஒரே அளவு இறக்கம். வெள்ளையனின் கையைப் பிடித்துக் குவித்துக் காட்டினேன். வீட்டுக்கு ஒரு பிடி. காளியம்மா வீட்டுக்கு வந்து சேரும்போதே அரிசி முப்பது பிடி குறைந்துதான் வந்திருக்கிறது. ஊர் கணக்கில் குறைந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்றார் வெள்ளையன்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. சின்னபாப்பாவுக்கு எண்கள் தெரியும். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, விரலை வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு வீடாக வாசித்துக்கொண்டு வந்தார். முடிவுக்கு வந்ததும், "அத்த சொன்னது நெசந்தான்" என்றார். வெள்ளையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். தாய் செத்த அன்று அழுததைவிட இது அதிகம் என்று சின்னபாப்பா என்னிடம் சொன்னார். அங்கே உட்கார்ந்திருக்க எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றியது, ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை மூவரும் ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனோம். அன்று அரிசியைக் கட்டி வைத்திருந்தவரின் பேரன்தான் இப்போது ஊர்த் தலைவர், நாற்பது வயதிருக்கும். அப்போதுதான் பைக்கில் எங்கிருந்தோ வந்து இறங்கினார். நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"மேடம், இந்த நோட்டுல முப்பத்தோரு வூட்டுலயும் அரிசி இருந்துச்சுன்னு எழுதியிருக்குது. அது பொய்யின்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் இதுல இருக்கற எடை மட்டும் எப்படிங்க நெசமாவும்?"

எடை பொய் சொல்லாது என்றேன். எனக்கே என் குரல் வகுப்பறைக் குரலாகக் கேட்டது.

"சரிங்க, நெசம்னே வெச்சுக்குவோம். முப்பது வூட்டுக்காரங்களும் சாமி அரிசியில கை வெச்சாங்கன்னு நான் கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லணும். எங்க தாத்தாவையும் சேத்து. முதல் வூடு எங்க வூடு. ரெண்டாவது வூட்டுக்குப் போறதுக்குள்ள ஒரு பிடி கொறஞ்சிருக்குது, நானும் பாத்தேன்." அவர் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "ஒருத்தருக்கு மானம் குடுக்க முப்பது பேரு மானத்த எடுக்கச் சொல்றீங்க. அவங்க பேரன் பேத்திங்க கேரளாவுல கஷ்டப்பட்டுத் திருவிழாவுக்கு ஒரு நாளு ஊருக்கு வராங்க. அவங்ககிட்ட இதச் சொல்லட்டுங்களா? மாமா, நீங்களே சொல்லுங்க."

மாமா என்றது வெள்ளையனை. வெள்ளையன் துண்டை மடித்து மடித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். "வேணாங்க" என்றார். "விடுங்க மேடம்."

திரும்பி நடக்கும்போது வெள்ளையன் கேட்டார்: "உங்க புஸ்தகத்துலயாவது வருங்களா? ஊருக்குள்ள வேணாம். வெளிநாட்டுல படிக்கறவங்ககிட்ட ஊரு மானம் போனா நமக்கென்ன தெரியப் போவுது. ஒரு வூட்டுலயும் அரிசி இல்ல, காளியம்மா எடுக்கலன்னு ரெண்டு வரி." எழுதுகிறேன் என்று சொன்னேன். உண்மையாகவே எழுதுவதாகத்தான் இருந்தேன்.

நான்காம் நாள் கீழே இறங்கும் பஸ்ஸில் கூட்டம் தாங்கவில்லை. என் மடியில் ஒரு பலாப்பழமும் அதன் மேல் யாரோ ஒருவரின் குடையும் இருந்தன. அடிவாரத்தில் போனுக்கு உயிர் வந்ததும் மணிலாவுக்குப் பேசினேன். தலைவர் நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டார். அவர் சொன்னதன் சாரம் இது: அறுபது வருஷம் கழித்து ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்னதைச் சான்றாக வைக்க முடியாது. ஆனால் சந்தேகம் வந்துவிட்டதால் நோட்டையும் வைத்துக்கொள்ள முடியாது. எடுத்துவிடு. கட்டத்தைக் காலியாக விட முடியாது, பக்கத்துப் பகுதிகளின் சராசரியைப் போடு.

போட்டேன். பக்கத்துப் பகுதிகளில் ஆற்றுப் பாசன ஊர்களும் உண்டு. பட்டினி கிடந்த ஊரை எடுத்ததும் மேட்டு நில வரி முன்பு இருந்ததைவிட மேலே போனது. அடிக்குறிப்பாக ஒரு வரி கேட்டேன். ஆதாரம் இல்லாததற்கு எதற்கு அடிக்குறிப்பு என்று பதில் வந்தது. என் பழைய கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன், இரண்டு பேர் அதைக் கவனித்திருப்பார்கள். இருபத்தைந்து வருஷமாக ஏழைகளை எண்ணிச் சம்பளம் வாங்குகிறேன். எந்தக் கட்டத்தில் யார் யாருடைய அரிசியைக் காட்டியிருப்பார்கள் என்ற பயம் இல்லாமல் இப்போது ஒரு எண்ணைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை. அட்டவணை கனத்த அட்டையில் வெளியானது, எங்கள் நாட்டுக் கோடு எல்லோரும் எதிர்பார்த்த இடத்தில் இறங்கிக் கிடந்தது.

திருவிழா முடிந்த மறுநாள் வெள்ளையன் சின்னபாப்பாவின் போனிலிருந்து கூப்பிட்டார். பின்னால் பேச்சும் பாத்திரச் சத்தமுமாக இருந்தது.

"பொங்க வெச்சேங்க மேடம்."

"உள்ளேயா?"

"வெளியதாங்க. அது பரவால்லீங்க." குரலைத் தாழ்த்தினார். "புஸ்தகம் வந்துருச்சுன்னு பாய் போன்ல பாத்துச் சொன்னாரு. அம்மாவப் பத்தி வந்திருக்குங்களா?"

புத்தகம் என் மேசைமேல்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வந்திருக்குங்க" என்றேன்.

"பேரோடங்களா?"

"பேரோட."

பிறகு அவர் போனைக் கீழே இறக்கிவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்வது கேட்டது: "எங்கம்மா எடுக்கலன்னு போட்டுட்டாங்களாம். ஏசியா பூராவும் போயிருச்சாம்."